சித்திரை வெயிலில் ஒரு கணப்பு

சீமைக்குப் போய்விட்டு வந்தவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அவர்கள் பாவம், குளிரில் நடுங்கி, உப்பில்லாத முட்டைகோஸைத் தின்று, ஊர் திரும்பியதும் ரசத்தைக் கண்டு கண் கலங்குகிறவர்கள். நான் சொல்ல வந்தது வேறு இனம். இந்த இனத்துக்குச் சீமைக்குப் போகாத சீமைக்காரர் என்று பெயர்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். அம்பத்தூரில் ரயில் ஏறி உங்களுக்கு எதிரே உட்காருவார். உட்கார்ந்ததும், "லண்டனிலே ரயில் ஜன்னல் இப்படிக் கடகடக்காது" என்பார். கல்யாணப் பந்தியில் இலை போட்டால் கத்தியை எந்தக் கையில் பிடிப்பது என்று பக்கத்து இலைக்காரருக்குப் பாடம் எடுப்பார். நீங்கள் காப்பியை உறிஞ்சினால் காதைப் பொத்திக்கொள்வார். மழை பெய்தால், அது சீமை மழை மாதிரி மென்மையாகப் பெய்யவில்லையே என்று வானத்தைப் பார்த்து வருத்தப்படுவார். இதையெல்லாம் எங்கே கற்றார்? கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவார்.

எங்கள் பூந்தமல்லியில் இந்த இனத்தின் முதல் தரமான உருப்படி எத்திராஜ நாயகர். நான் அவருக்கு எதிர் வீடு. அதனால் பார்க்க விரும்பாததையும் பார்க்கிற பாக்கியம் எனக்கு வாய்த்தது. பெயரிலிருந்து முதலில் நாயகரைக் கழற்றினார். பிறகு முன்பக்கமும் கொஞ்சம் கழற்றி 'ஈ. ராஜ்' என்று அட்டை அச்சடித்துக்கொண்டார். ஊர் அவரை ஈராஜ் என்று கூப்பிட ஆரம்பித்தது. அவருக்கு அதில் பரம சந்தோஷம்.

அவர் சீமையைக் கண்ட இடம் மவுண்ட் ரோடு. குதிரைகளுக்கு வைக்கோல் போடுகிற விஷயமாக ஒரு துரையைப் பார்க்க, அங்கே இருந்த பெரிய இங்கிலீஷ் ஓட்டலுக்குப் போயிருந்தார். உள்ளே விடவில்லை. நடையில் நிற்கச் சொன்னார்கள். நின்ற இடத்துக்கு எதிரே ஒரு கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பாதியில் அவருக்குத் தரிசனம் கிடைத்தது: சுவர் முழுவதும் கறுத்த மரப் பலகை, சிவப்புத் திரை, பித்தளைக் கைப்பிடிகள், மங்கலான விளக்கு, உயரமான மேடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு காலைக் கீழே ஓடும் பித்தளைக் கம்பியில் வைத்தபடி குடிக்கும் ஒரு வெள்ளைக்காரன். துரை வர நேரமாயிற்று. வந்தபோது எத்திராஜ் வைக்கோலை மறந்துவிட்டிருந்தார். கதவின் மறுபாதியில் என்ன இருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அந்தக் குறையை ஒரு பிஸ்கட் டப்பா மூடி தீர்த்துவைத்தது. அதில் ஒரு படம்: குளிர்காயச் சுவருக்குள் எரியும் கணப்பு, அதன் முன்னே கம்பளம், கம்பளத்தின் மேல் தூங்கும் நாய்.

உலகச் சண்டை வந்தது. ஆவடியில் பட்டாளம் இறங்கியது. கோவில்பதாகை ஏரிக்கரை வரைக்கும் லாரியும் தூசியும். எங்கள் பக்கத்தில் புத்தியுள்ளவர்கள் பட்டாளத்துக்கு முட்டை போட்டார்கள், செங்கல் போட்டார்கள், சலவைக்கு எடுத்தார்கள். எத்திராஜ் மட்டும் வெள்ளைக்காரச் சிப்பாயின் மனசுக்குள்ளே போய் உட்கார்ந்து யோசித்தார்.

"பாவம் சார், தாய்நாட்டை விட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே ஒரு இங்கிலாந்து வேண்டும்" என்றார் என்னிடம்.

"எங்கே வைக்கப் போகிறீர்கள்?"

"என் வீட்டிலே."

டிரங்க் ரோட்டின் மேலேயே இருந்த அந்த வீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கூடம், எந்த மூலையில் உட்கார்ந்தாலும் பத்திரிகை படிக்கிற வெளிச்சம். ஐப்பசியில் மழை கேட்கும். சித்திரையில் காற்று வரும். கட்டினவர் முட்டாள் அல்ல. அவருடைய வாரிசைப் பற்றி அவருக்குத் தகவல் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்காரி சாமுண்டீஸ்வரி, குத்தம்பாக்கத்துப் பெண். வாய்த் துடுக்கு உண்டு. அதைவிடப் பொறுமை அதிகம். விஷயம் அவளிடம் வந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. அவர்கள் பேசியது ரோட்டுக்கே கேட்டது.

"ஊட்ட ஓட்டலாக்கிட்டா நாங்க எங்க கீறது?"

"பின்னாலே."

"பின்னால மாடு கீது."

"மாட்டை வித்துடலாம்."

"மாடு போன எடத்துல நானு. ரொம்ப நல்லா கீதுங்க உங்க சீமை."

மாடு போயிற்று. சாமுண்டீஸ்வரி தன் பெட்டியையும் பெண் குழந்தையையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். வாசலில் போர்டு ஏறியது: 'தி ஓல்டு இங்கிலீஷ் ஓட்டல் – ரெஸ்டாரெண்ட் அண்டு பார்.' 'ஓல்டு' என்ற சொல்லில் பெயிண்ட் இன்னும் ஈரமாக இருந்தது.

பாடியிலிருந்து ஆனந்த ஆசாரி வந்தார். சுவரெல்லாம் பலகை அடிக்க வேண்டும். பலகைக்கு மரம்? சாமுண்டீஸ்வரியின் தகப்பனார் கங்காதர நாயகர் குத்தம்பாக்கத்தில் தம் தோப்பிலிருந்து, தம் கையால் வைத்து வளர்த்த பலா மரங்களை வெட்டி, வண்டி வண்டியாக அனுப்பிவைத்தார். மாப்பிள்ளை கேட்டார், கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. மஞ்சளாக மினுங்கிக்கொண்டு வந்த அந்தப் பலாப் பலகைக்கு எத்திராஜ் கடுக்காய்ச் சாயமும் கரியும் பூசி, அது ஏதோ தீ விபத்தில் தப்பியது போல ஆக்கினார்.

"ஜன்னல் மேலயுமா அண்ணாத்தே பலக அடிக்கணும்?" என்று கேட்டார் ஆசாரி.

"ஜன்னல் மேலேதான் முக்கியமாக."

"காத்து வராதே."

"சீமையிலே காற்று குளிர், ஆசாரி. உள்ளே விடமாட்டார்கள்."

"இங்க அனலா இல்ல அடிக்குது?"

"அதையும் விடக்கூடாது."

முற்றத்துக்கு மேலே தகரம் போட்டு மூடியாயிற்று. திரைக்குச் சிவப்பு வெல்வெட் வேண்டும். கலைந்துபோன ஒரு நாடகக் கம்பெனியின் படுதா கிடைத்தது. முன்புறம் சிவப்பு, பின்புறத்தில் நாரதர் தம்பூராவுடன் மேகத்தில் நின்றார். அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஊர் போகிற துரை ஒருவர் ஏலம் விட்ட சாமான்களில் ஒரு மான் தலை வந்தது. அதில் ஒரு கொம்பு இல்லை. விற்ற மாட்டின் நினைவாகவோ என்னவோ, ஆசாரி ஒரு மாட்டுக் கொம்பைச் சீவி அங்கே செருகினார். பாரின் மேடைக்குப் பின்னால் அடுக்கில் நீள நீளமாகக் காலிப் புட்டிகள். அழகுக்காக அவற்றில் தேயிலைத் தண்ணீர். மேடைக்குக் கீழே பித்தளைக் கம்பி.

"இது இன்னாத்துக்கு?" என்று சமையல்கட்டுக் கதவருகில் நின்றபடியே சாமுண்டீஸ்வரி கேட்டாளாம்.

"ஒரு காலை அதிலே வைத்துக்கொண்டு குடிப்பார்கள்."

"குந்திகினு குடிச்சா எறங்காதா?"

கணப்புக் கட்டுவதற்கு வந்த கொத்தனாரிடம் எத்திராஜ் பிஸ்கட் டப்பா மூடியைக் கொடுத்து, இதில் இருப்பதைப் போலவே, ஒரு செங்கல் கூடாமல் குறையாமல் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். கொத்தனார் அப்படியே கட்டினார். படத்தில் மாடத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. எனவே கொத்தனாரும் மாடத்தோடு நிறுத்திக்கொண்டார். புகை எங்கே போகும் என்பது மூடியில் போடவில்லை. படத்தில் இருந்த நாய்க்குப் பதிலாகச் சந்தையில் திரிந்த ஒரு நாயைப் பிடித்துவந்து கம்பளத்தில் கட்டினார்கள். அது முதல் நாளே கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த ஓட்டலைப் பற்றி நாலு பேருக்கு முன்னால் தைரியமாக அபிப்பிராயம் சொன்னது அது ஒன்றுதான்.

வேலை முடிந்ததும் ஊரார் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் வெளியே வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வாசல்ல 'பார்'னு போட்டுக்கீறாங்க, பாத்தா ஒண்ணுமே தெர்லியே!" என்றார்.

பிறகு ஒரு சட்டம் வந்தது. கோட்டும் பூட்ஸும் இல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. இந்தச் சட்டத்தைக் காப்பதற்கு, குத்தம்பாக்கத்தில் கங்காதர நாயகர் வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த துலுக்கானத்தைக் கொண்டுவந்து, பேண்டு வாத்தியக்காரரின் பழைய சிவப்புக் கோட்டை மாட்டி, காலில் பூட்ஸைத் திணித்து, வாசலில் நிறுத்தினார்கள். பூட்ஸ் கடித்தது. துலுக்கானம் நெருப்பின் மேல் நிற்கிறவன் மாதிரி கால் மாற்றி மாற்றி நின்றான்.

திறப்பு விழா சித்திரையில், உச்சி வெயில் நேரத்தில். மேஜர் துரைக்கு அழைப்புப் போயிருந்தது. அவர் வரவில்லை, ஒரு சார்ஜெண்டையும் சில சிப்பாய்களையும் அனுப்பியிருந்தார். எத்திராஜ் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு அவர்களை வரவேற்று, இருட்டில் தடுமாறாமல் நாற்காலி நாற்காலியாகக் கைபிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்தார். வேர்த்துக் கொட்டியது. ஒரு சிப்பாய் ஜன்னலைத் தேடிப் பலகையைத் தட்டிப் பார்த்தான். அப்போது எத்திராஜ், எல்லாருடைய முகத்தையும் ஒரு முறை பெருமையோடு பார்த்துவிட்டு, கணப்பைப் பற்றவைத்தார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. நான் என் ஜன்னலில் இருந்தேன். கங்காதர நாயகர் இறங்கினார். வெளுத்த வேட்டி, தோளில் புது அங்கவஸ்திரம், வெறுங்கால். அவருக்கு அழைப்பு இல்லை. வீட்டில் ஒரு விசேஷம் என்று மகள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். வண்டியிலிருந்து ஒரு மூட்டை கிச்சிலிச் சம்பா அரிசியை இறக்கினார். துலுக்கானம் குழம்பிப்போனான். தடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. கதவை லேசாகத் திறந்து எசமானைக் கூப்பிட்டான்.

எத்திராஜ் வந்தார். அவருக்குப் பின்னால் சார்ஜெண்டின் முகம் தெரிந்தது.

"மாப்ள, கட தெறக்கிறீங்கன்னு பொண்ணு சொல்லி அனுப்ச்சா" என்று சிரித்தார் பெரியவர்.

எத்திராஜ் அவருடைய காலைப் பார்த்தார். பின்னால் திரும்பிச் சார்ஜெண்டைப் பார்த்தார். "சாரி. ஃபுல்" என்றார். கதவைச் சாத்தினார்.

பெரியவருக்கு இங்கிலீஷ் தெரியாது. துலுக்கானத்தைப் பார்த்து, "இன்னாடா சொல்றாரு மாப்ள?" என்று கேட்டார்.

துலுக்கானம் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். "எடம் இல்லியாம், எசமான்" என்றான்.

பெரியவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வரவில்லை. அங்கவஸ்திரத்தைத் தோளிலிருந்து எடுத்து நிதானமாக மடித்தார். "செரி, ஜனம் நெறைய வந்துக்கீது போல. நல்லதுதான். இந்த மூட்டைய மட்டும் பொண்ணுகிட்ட குடுத்துடு" என்றார். வண்டி திரும்பியது.

துலுக்கானம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, சந்து வழியாகப் பின்பக்கம் போனான்.

உள்ளே நடந்ததைத் துலுக்கானமும், இருமிக்கொண்டே வெளியே வந்தவர்களும் சொல்லித் தெரிந்துகொண்டேன். கணப்பில் தீ நன்றாகப் பிடித்திருந்தது. புகை மேலே போய், போக வழியில்லாமல், தகரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, விருந்தாளிகளிடமே திரும்பி வந்தது. எத்திராஜ், "இதுதான் சார் அசல் இங்கிலீஷ் வாசனை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சமையல்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு, குழந்தையோடு சாமுண்டீஸ்வரி வந்தாள். பின்னால் அரிசி மூட்டையோடு துலுக்கானம். மாட்டுக் கொட்டகைக்குப் போன பிறகு அவள் அந்தக் கூடத்தில் கால் வைத்தது அன்றுதான்.

"எங்கப்பா வந்தாரா?"

"நாட் நௌ, டியர்."

"தமிழ்ல சொல்லுங்க. வந்தாரா?"

"வந்தார். பூட்ஸ் இல்லை. ரூல் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான்."

அவள் சுவரை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "இந்தப் பலக பூரா அவரு தோப்பு மரம். மரம் உள்ள வரலாம். மரத்த வெச்சவரு வரக்கூடாது. இன்னா ஞாயம்ங்க இது?" என்றாள்.

எத்திராஜ் சார்ஜெண்டைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

சாமுண்டீஸ்வரி நேராக வாசல் கதவுக்குப் போய், தாழ்ப்பாளை இழுத்து, இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். வெளிச்சம் உள்ளே வந்தது. காற்றில் படுதா திரும்பி, நாரதர் புகைக்கு நடுவே மேகத்தில் காட்சி தந்தார். மான் தலையின் மாட்டுக் கொம்பை எல்லாரும் பார்த்தார்கள். சாமுண்டீஸ்வரி படியிறங்கி, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, குத்தம்பாக்கத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். அப்பாவின் வண்டி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, சிவப்புக் கோட்டோடு, வெறுங்காலோடு துலுக்கானம். சிப்பாய்களும் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து ரோட்டோரப் புங்க மரத்தடியில் விழுந்தார்கள். நான் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.

சார்ஜெண்ட் நல்ல மனிதன். முகத்தைக் கழுவிக்கொண்டு, "மிஸ்டர் ராஜ், நான் லண்டன்காரன்தான். மீன் கடை மாடியில் ஒரே அறை எங்களுக்கு. ஒரு ஜன்னல் இருந்தது. அதன் பக்கத்தில் யார் படுப்பது என்று தினமும் சண்டை போடுவோம். உம்முடையது போன்ற இடத்தை நான் பார்த்ததே இல்லை" என்றான். பிறகு ரோட்டைப் பார்த்து, "அந்த அம்மாள் யார்?" என்று கேட்டான்.

எத்திராஜ் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "சமையற்காரி" என்றார்.

நான் செம்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் அவரே வந்தார். மனைவியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தச் சார்ஜெண்ட் அசல் இங்கிலீஷ்காரன் இல்லை சார். எனக்குப் பார்த்ததுமே சந்தேகம்" என்றார்.

இந்த இனத்தின் முழு விலாசமும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. இங்கிலாந்து அவருக்கு ஒத்துவராவிட்டால், தப்பு இங்கிலாந்தின் மேல்.

ஓட்டலுக்கு அதன் பிறகு யாரும் வரவில்லை. ஆவடிச் சிப்பாய்கள் ரோட்டோரம் சோறு விற்கிற தாயம்மாவின் கடைக்கு முன்னால் மரத்தடியில் உட்கார்ந்து, கையால் ஆட்டுக்கறி தின்று, காரம் தாங்காமல் கத்திச் சிரித்தார்கள். எத்திராஜ் அந்த வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்களுக்காக வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன். கூடத்தில் தினமும் அவரே கோட்டு மாட்டிக்கொண்டு, அவரே பித்தளைக் கம்பியில் காலை வைத்துக்கொண்டு, அவரே தேயிலைத் தண்ணீரை ஊற்றிக் குடித்தார்.

மழைக்காலம் கழிந்ததும் ஆள் கொஞ்சம் இளைத்துத் தெரிந்தார். ஒரு நாள் வந்து, "குத்தம்பாக்கம் போய் அவளை அழைத்துவரலாம் என்று பார்க்கிறேன். பேச்சுத்துணைக்கு நீங்களும் வாருங்கள்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. போனேன்.

கங்காதர நாயகர் வாசலிலேயே எதிரே வந்தார். "வாங்க மாப்ள, வாங்க. வெயில்ல வந்துக்கீறீங்க. உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். பாய் விரித்தார். சாமுண்டீஸ்வரி மோர் கொண்டுவந்து வைத்தாள், அவரைப் பார்க்கவில்லை. ஆனால் உள் அறையில் அவளுடைய பெட்டி திறந்திருந்ததையும், அதில் ஒரு புடவை மடித்து வைத்திருந்ததையும் நான் பார்த்தேன்.

எத்திராஜ் லோட்டாவைக் கையில் எடுத்தார். "மாமா" என்றார். அவர் வாயிலிருந்து வீட்டுத் தமிழ் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. "மாமா, அன்னைக்கு..."

அதற்கு மேல் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். சாமுண்டீஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். இந்த மனிதரைப் பற்றி இத்தனை நாள் நினைத்ததையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்குமே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

எத்திராஜ் கண்ணீர் விழாமல் இருப்பதற்காக முகத்தை மேலே தூக்கினார். மேலே உத்தரம் இருந்தது. அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, இந்த உத்தரத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தால் எப்படி இருக்கும் தெரியுமா? லண்டனிலே எல்லாம்..."

சாமுண்டீஸ்வரி உள்ளே போனாள். பெட்டியிலிருந்த புடவையை எடுத்து உதறி, கொடியில் போட்டாள். பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது.

"மோர் குடிங்க, மாப்ள" என்றார் பெரியவர்.

திரும்பி வரும்போது வண்டியில் எத்திராஜ் பேசவில்லை. தமக்கு என்ன நேர்ந்தது என்று அவருக்குப் புரிந்ததா? புரிந்திருக்கலாம். அதைச் சொல்ல அவரிடம் ஒரு பாஷை மீதி இல்லை.

இப்போது அந்த வீட்டைப் பட்டாளத்தார் கிடங்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்குக்குக் காற்று வேண்டுமாம். அதனால் பலகையெல்லாம் பெயர்த்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். துலுக்கானம் குத்தம்பாக்கத்திலேயே ஏர் ஓட்டுகிறான். எத்திராஜ் மாட்டுக் கொட்டகையில் குடியிருக்கிறார். போன வாரம் ஆனந்த ஆசாரி கையில் சுவர் அளக்கிற முழக்கோலுடன் கொட்டகைச் சந்துக்குள் போனதைப் பார்த்தேன்.

படித்துச் சிரித்தீர்கள். சந்தோஷம். அப்படியே தலையைக் கொஞ்சம் தூக்குங்கள். உங்கள் கண்ணாடி அலமாரியில் ரோஜாப்பூப் போட்ட பீங்கான் கோப்பைகள் வரிசையாக இருக்கின்றனவே, அவற்றில் என்றைக்காவது யாராவது ஒரு வாய் குடித்தது உண்டா? சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் பனி கொட்டுகிறதே, அது எந்த ஊர்? தெரியாதா? பாதகமில்லை, அதெல்லாம் சின்ன விஷயம். இன்னும் ஒன்றே ஒன்று. ஆபீஸ் சிநேகிதரோடு நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, கையில் கீரைக் கட்டோடு ஊரிலிருந்து ஒருவர் வந்து வாசலில் நின்றாரே, "யார் அது?" என்று சிநேகிதர்கூடக் கேட்டாரே.

என்ன பதில் சொன்னீர்கள்?